வாந்தி: சொர்ணவல்லி

ஜூன் 10, 2024
பொன்னமராவதிப் பள்ளிக்கூடத்தில் சினிமாப் படப்பிடிப்பு. எழுபது பேருக்கும் நம் மெஸ் சாப்பாடுதான். இன்று டைரக்டர் தம்பி செந்தமிழன் அடுப்படிக்கே வந்துவிட்டார். காலைப் பிரேயரில் ஹீரோ ஹெட்மாஸ்டர் சட்டை மேல் வாந்தி எடுக்கிற சீனாம். கலர்ப்பொடி கரைத்துப் பார்த்ததில் பையனுக்கு வாயெல்லாம் எரிந்துவிட்டதாம். “சாப்புடுற பொருள்லயே செஞ்சு தர முடியுமாக்கா?”

பதினெட்டு வருஷமாகச் சமைக்கிறேன். இப்படி ஒரு ஆர்டர் வந்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 11
கேப்பைக் கூழ், பிசைந்த பூவன்பழம், தயிர்க்கட்டி, கேரட் துருவல், அரைவேக்காட்டுப் பருப்பு. எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் வாசலுக்கு ஓடிவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம்.

ஜூன் 12
மானம் போயிற்று. ஹீரோவாக நடிக்கிற எழிலரசன் துப்பவே இல்லை. ஆறு டேக், ஆறு தடவையும் விழுங்கிவிட்டான். “ருசியா இருக்குக்கா, தானா உள்ள போயிருது.” ருசியைக் குறைக்கச் சொல்கிறார் டைரக்டர். நாளைக்கும் சொதப்பினால் சென்னையிலிருந்து ஆளைக் கூப்பிடுவாராம்.

எப்படிக் குறைப்பது? உப்பைக் குறைக்கக்கூட என் கைக்கு வராதே — சென்னை ஆளா? நான் இருக்கையிலயா?

ஜூன் 13
வேப்பங்கொழுந்து! மகள் காவ்யாவுக்குச் சின்ன வயதில் வயிற்றுப்பூச்சிக்கு அரைத்துக் கொடுத்தால் என் சேலை மேலெல்லாம் துப்புவாள். அந்தச் சாற்றை இரண்டு கரண்டி விட்டேன். ஒரே டேக். ஹெட்மாஸ்டராக நடித்தவர் நிஜமாகவே ஓங்கரித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். வாந்தியைப் பார்த்துப் பெருமையில் அழுதவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

ஜூன் 14
படம் முடிந்ததும் ‘வாந்தி’ என்று என் பேரும் போடுவார்களாம். காலேஜிலிருந்து வந்த காவ்யா எகிறிக் குதித்தாள். “சாப்பாடுன்னு போடச் சொல்லும்மா. வாந்தின்னு வந்தா நான் எப்புடி காலேஜுக்குப் போறது?”

அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் சாப்பாடு யார் வேண்டுமானாலும் போடுவார்கள். “வாந்தின்னே போடுங்க தம்பி” என்று போனில் சொல்லிவிட்டேன்.

ஜூன் 17
மூன்று நாளாகக் காவ்யா பேசவில்லை. திமிர் பிடித்துத்தான் செய்தேனோ?

பிப்ரவரி 15, 2025
புதுக்கோட்டையில் படம் பார்த்தோம். காவ்யா தோழிகளோடு நாலு வரிசை முன்னால் உட்கார்ந்துகொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த சீன் வந்தது. தியேட்டரே “உவ்வே” என்றது. ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

படம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். முன்னாலிருந்து காவ்யாவின் குரல் கேட்டது.

“உக்காருங்கடி. எங்கம்மா பேரு இனிமேத்தான் வரும்.”

வந்தது.

பிப்ரவரி 22
காவ்யாவின் காலேஜ் நாடகத்துக்கு இரண்டு லிட்டர் வேண்டுமாம். வேப்பங்கொழுந்து பறிக்க அவளே போயிருக்கிறாள்.