போத்தலில் ஏன் 'இந்தியா' என்று எழுதினார்கள், காக்கா?

என் கூடப்பிறந்த மூத்தவர், அருமைக் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை அடக்கிய கபுறடியில் நின்று சொல்வது போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். இது ஆற அமரச் சொல்லக்கூடிய சேதி இல்லை. காக்கா, உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது! உங்கள் மகள் நபீசாவின் சேதியும் இருக்கிறது. எதை முதலில் சொல்வது?

ஊராரும் வாசிக்கட்டும் என்றுதான் பகிரங்கமாக எழுதுகிறேன். உங்களைப் பற்றி ஊரெல்லாம் கதைத்தார்கள், இதையும் ஊரெல்லாம் கேட்கட்டும்.

இங்கினியாகலவில் அணைக்கட்டு வேலைக்கு வந்த அமெரிக்கத் துரைமார் குடித்துப் போட்ட வெறும் போத்தல்களைச் சாக்கில் கட்டி வந்து, கழுவி, தேன்காரருக்கும் எண்ணெய்க்காரருக்கும் விற்ற மனிதர் நீங்கள். கல்முனைக்குடியில் உங்களுக்குப் 'போத்தல் காக்கா' என்று பெயர். ஒட்டியிருந்த லேபல்களைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, கொட்டில் பலகையில் வரிசையாக ஒட்டிவைத்தீர்கள். இங்கிலீஷ் வாத்தியார் என்ற முறையில் அவற்றை உங்களுக்கு வாசித்துக் காட்டியது நான்தான்.

"இந்தியா பேல் ஏல்" என்று வாசித்தேன். "செஞ்சது இங்கிலாந்திலயாம். பிறகென்னத்துக்கு இந்தியா?" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. வெறும் போத்தலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கசப்புச் சாமான். இந்தியாவில வேப்பம்பூ போட்டுக் காய்ச்சிற பழக்கம் இரிக்கும், அதப் பாத்துத்தான் இவனுகளும் செய்யிறானுகள்" என்று நீங்களே ஒரு விளக்கம் வைத்தீர்கள். நான் சிரித்தேன். உங்களுக்குக் கோபம் வந்தது. மௌத்தாகும் வரைக்கும் அந்த வேப்பம்பூவை நீங்கள் விடவில்லையே!

நீங்கள் போன பிறகு நடந்ததைக் கேளுங்கள். பாலமுனை ஆதம்பாவா ஹாஜியார் தன் மகனுக்கு நம்முடைய நபீசாவைக் கேட்டார். மதினிக்கு மனம் குளிர்ந்தது. நபீசாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பெண் பார்க்க வந்த பெண்கள் கொட்டில் பக்கம் போய் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டார்கள். பிறகு அங்கிருந்து பேச்சு மூச்சில்லை. கடைசியில், "வாப்பா குடிகாரராம், வீட்டுச் சுவரெல்லாம் சாராய லேபலாம்" என்ற கதை மட்டும் வந்து சேர்ந்தது.

நபீசா என் முன்னால் வந்து நின்றாள். "சாச்சா, வாப்பா குடிச்சவரா?"

"இல்ல மகள்" என்றேன். ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? இங்கினியாகலவில் உங்களோடு நான் இருந்ததில்லையே. அவள் கண்களில் அதே கேள்வி அப்படியே நின்றது. அடுத்த நாளே இங்கினியாகலவுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே முக்கால்வாசித் துரைமார் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் பென்சன் என்ற துரை உங்கள் பெயரைக் கேட்டதும் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். நீங்கள் மௌத்தான சேதி அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்த மனிதரைப் போல என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை" என்றார்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் அவர் எனக்குப் பதில் சொன்னார், காக்கா. முன்பு அவருக்கும் தெரியாதாம். உங்கள் கேள்வி மண்டையைக் குடைந்ததால், ஊரில் பியர் காய்ச்சும் தன் மைத்துனருக்கு எழுதிக் கேட்டாராம். பழைய காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரருக்கு இது கப்பலில் போனதாம். ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பயணம், வழியெல்லாம் வெயில். சாதாரண பியர் புளித்துப்போகும். கெடாமல் இருக்க ஹொப்ஸ் என்ற ஒரு கொடியின் பூவை அள்ளிப் போட்டார்களாம். கசப்பு அதில் வருவது. இந்தியாவுக்குப் போனதால் இந்தியா. 'பேல்' என்றால் வெளிறியது. தானியத்தைக் கருக்காமல் பக்குவமாகக் காயவைத்ததால் வந்த வெளிர் நிறம். ஏல் என்பது பியரில் ஒரு வகை.

பூ, காக்கா! வேப்பம்பூ இல்லை, ஆனாலும் பூ! துரை சொன்னதும் நான் "அல்லாஹ்வே" என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோனார்.

இன்னும் கேளுங்கள். ஒரே பெயர் போட்ட போத்தல்கள் ஏன் ஒவ்வொரு வாசம் என்று மண்டையை உடைத்தீர்களே. எல்லாம் ஒன்றல்லவாம். இங்கிலாந்தில் உள்ளூரில் விற்பது இப்போது இலேசானதாம். யுத்தத்தாலும் வரியாலும் வீரியத்தைக் குறைத்துவிட்டார்களாம், பெயர் மட்டும் பழையது. வெளிநாட்டுக்கு அனுப்புவது கொஞ்சம் கடுமையானது. அமெரிக்காவில் காய்ச்சுகிற ஒன்றை மரப்பீப்பாயில் நெடுங்காலம் கிடக்கவிட்டு எடுப்பார்களாம். அதுதான் நீங்கள் "பழைய தோணி மணக்கிது" என்று சொன்ன போத்தல். தோடம்பழம், அந்த ஒரேஞ்சுத் தோல் வாசமென்று தனியாக எடுத்துவைத்தீர்களே, அது ஹொப்ஸ் கூடுதலாகப் போட்டது. முகர்ந்தே இத்தனை தூரம் வந்தீர்களே, எப்படி?

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். துரை வேறெதுவும் கேட்கவில்லை. "வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்றார்.

ஹாஜியாரிடம் நானே போய், துரை சொன்ன பூக் கதையையும் சொல்லி, கெஞ்சிக் கூட்டிவந்தேன். ஜும்மா முடிந்து எல்லோரும் வீட்டு விறாந்தையில் இருந்தோம். மதினி வட்டிலப்பம் வைத்தார். திரைக்குப் பின்னால் நபீசா. ஹாஜியார் சுற்றி வளைக்கவில்லை.

"மாஸ்டர், துரைட்ட கேளுங்க. மௌத்தானவர் ஒரு சொட்டாச்சும் நாக்கில வெச்சாரா?"

நான் இங்கிலீஷில் கேட்டேன். துரை கரண்டியைக் கீழே வைத்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நான் கிளாசை நீட்டினேன். குடிக்காமல் இது விளங்காது என்றேன். அவர் சிரித்து, அரைகுறை இங்கிலீஷில், 'எனக்கு மார்க்கம் ஒன்று இருக்கிறது, சேர். நீங்கள் குடியுங்கள், குடித்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்' என்றார். அன்று முழுக்க நான் குடித்துக் குடித்துச் சொன்னேன். கடைசியில் வெறியில் கிடந்தது நான். என்னைக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்கவைத்தது அவர்."

அதை ஹாஜியாருக்குத் தமிழில் சொன்னேன். திரைக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது.

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். என்ன சொன்னார் தெரியுமா?

"அப்ப, அது என்ன பூ, மாஸ்டர்? நம்மட பக்கம் முளைக்குமா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம், காக்கா! துரைக்கும் ஹாஜியாருக்கும் நடுவில் நான் மாறி மாறி மொழிபெயர்த்தே களைத்தேன். அஸர் தொழுகைக்கு எழும்பும்போது ஹாஜியார் என் கையைப் பிடித்தார். "ஒரு விசயத்த விளங்கத் தேடுற மனிசன நாங்க குடிகாரன் எண்டு செல்லிட்டம். அல்லாஹ் மன்னிக்கணும். கலியாணத்துக்கு நாள் பாருங்க" என்றார்.

நபீசா ஓடிவந்து என் தோளில் முகத்தைப் புதைத்தாள். "ஓம் சாச்சா, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பெருநாள் கழிந்து கலியாணம். நிக்காஹ் சபையில் நீங்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான் இருப்பேன். நபீசாவின் வலியாக, வாப்பாவின் இடத்தில் நிற்கும் பொறுப்பாளனாக, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, உங்கள் பெயரைச் சபை முழுக்கக் கேட்கும்படி உரத்துச் சொல்லி, உங்கள் மகளைக் கட்டிக்கொடுப்பேன். குரல் நடுங்காது, காக்கா. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் கூடப்பிறந்த தம்பி,
நபீசாவின் சாச்சா