பெற்றோல் தாங்கிய மாதா போத்தல்

மிருசுவில்
12.09.1993

இயேசு மரி சூசை துணை

அன்பு மகன் சூசைதாசனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம், வழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை, இந்தமுறை உண்மையாகவே சுகம், அதிலும் வீட்டில் ஒரு ஆள் கூடியிருக்கிறது. நீயும் அந்தக் குளிர் தேசத்திலே தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா ஒவ்வொரு நாளும் செபத்தில் உன் பெயரைச் சேர்க்கிறார். உன் தங்கச்சி ஸ்ரெல்லாவுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நீ பதறாமல் மிச்சத்தை வாசி, ஏனென்றால் மிச்சம் முழுக்கப் பதறுகிற கதை, அதில் நீயும் இருக்கிறாய்.

ஷெல்லடிக்குப் பயந்து குருநகர் வீட்டை விட்டு இங்கே வந்தபிறகு படகு எஞ்சின் திருத்துகிற வேலை எனக்கு இல்லாமல் போனது உனக்குத் தெரியும். சும்மா இருக்க என்னால் முடியுமா, குசினிக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டுத் தண்ணீர்ப் பம்ப், மோட்டார் சைக்கிள் என்று எது வந்தாலும் திருத்துகிறேன். அரசாங்கத்தின் தடையால் பெற்றோல் இங்கே வருவதில்லை, எல்லா வண்டியும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. ஆனால் குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது, காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் காட்டினால்தான் எழும்பும். அதையும் ஊற்றக்கூடாது, ஊற்றினால் கூடிப்போய் பிளக் நனைந்துவிடும், மெல்லிசாகப் பீச்சவேண்டும். அதனால் இப்போது ஊரில் பொன்னுக்கு அடுத்தபடி தேடுகிற சாமான் பீச்சுகிற போத்தல்தான். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. கலியாண வீட்டுக்குப் போனால்கூட ஆட்கள் பெண்ணைப் பார்க்கிறதை விட்டுவிட்டு, யாராவது மணத்துக்குப் பீச்சுகிற சென்ற் போத்தலை முடிக்கிறார்களா என்று பார்க்கிறார்கள்.

நான் இதில் இறங்கினால் எப்படி இறங்குவேன் என்று உனக்குத் தெரியும்தானே. கொட்டில் மதிலில் போத்தல்களை வரிசையாக வைத்து ஒன்றுக்குள் பெற்றோல், ஒன்றுக்குள் பெயின்ற் கரைக்கிற தின்னர், ஒன்றுக்குள் ரேப்பன்ரைன் என்று ஊற்றிவைத்து ஒவ்வொரு காலையும் போய்ப் பார்ப்பேன். அம்மா எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, உங்களுக்கு இப்ப பிள்ளையளைவிடப் போத்தல் பெரிசாப் போச்சு என்று முறைப்பார். ஆனால் எவ்வளவு படித்தேன் தெரியுமா. கண்ணாடிபோல மினுங்குகிற பிளாஸ்ரிக்கை நம்பவே கூடாது, தின்னர் பட்டதும் இளகி, அடுத்தநாள் வெல்லக்கட்டி மாதிரிக் குந்திக்கொண்டு கிடக்கும். ஷாம்பு போத்தல் தாங்கும், ஆனால் வாய் அகலம், அரைவாசி நிலத்துக்குப் போய்விடும். நுளம்பு கடிக்காமல் மருந்து அடிக்கிற தகரப் பம்ப் நல்ல உழைப்பாளி, எதையும் தாங்கும், ஆனால் ஒரு அடிக்கு ஒரு கிழமைப் பெற்றோலைக் குடித்துவிடும், அதை ரேப்பன்ரைனுக்கு ஒதுக்கிவிட்டேன். சென்ற் போத்தல்தான் பீச்சுகிறதில் ராசா. அதற்கு ஒரு நோய், உள்ளே இருக்கிற றப்பர் வளையம் பெற்றோலில் ஊறி வீங்கி அழுத்தவிடாமல் இறுகிவிடும். நான் என்ன செய்தேன், என் பழைய செருப்பின் தோலை வெட்டி வளையம் செய்து போட்டேன். அது வேலை செய்தபோது நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு மார்கிரட் அக்கா ஷெல் விழுந்ததாக நினைத்துப் பதுங்குகுழிக்கு ஓடினார்.

இத்தனை ஆராய்ச்சியும் விளையாட்டுக்கில்லை, மகன். ஸ்ரெல்லாவுக்குப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பேற்று நோ கண்டதும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும், சுணங்கினால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று மருத்துவிச்சி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இங்கே கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிற ஒரே கார் நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் பழைய ஒஸ்ரின். அவர் எந்த நேரமும் வருவேன் என்றார், ஆனால் கார் வருமா என்பது போத்தலின் கையில் இருந்தது. நானும் எவரிடமும் சொல்லாமல் எந்தப் போத்தல் என்னைக் கைவிடாது என்றே யோசித்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் ஒருநாள் செபம் சொல்லும்போது என் கண் வீட்டுப் பீடத்திலே நின்றது. நீ லூர்து மாதா கோயிலுக்குப் போய்வந்து கொழும்பு ஆள் மூலம் அனுப்பின மாதா போத்தல், மாதாவின் உருவத்திலேயே செய்தது, வெள்ளை மேனி, தலையில் நீல மணிமுடி, உள்ளே தீர்த்தம். பக்தி பிறகு, என் மூளை முதலில் பார்த்தது பிளாஸ்ரிக்கை. மெத்தென்ற பிளாஸ்ரிக், எண்ணெய்க் கேன் செய்கிற சாதி. றப்பர் இல்லை, வில்லு இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை, முடிதான் மூடி. முடியில் ஊசியால் நாலு துளை போட்டால் காணும், வேறொன்றும் தேவையில்லை, பிடித்துப் பிதுக்கினால் பூவாய்ப் பீச்சும். இதை அம்மாவிடம் சொன்னேன். சொன்னது பிழை. மாதாவின்ரை முடியிலை ஊசி குத்த நினைச்ச மனுசன் இந்த உலகத்திலை நீங்கள் ஒராள்தான் என்று தொடங்கி, கலியாணம் செய்த நாளிலிருந்து நான் செய்த குற்றமெல்லாம் வந்தது. பிறகு அழுதார். என்ரை பிள்ளை தொட்டு அனுப்பினது இந்த வீட்டிலை அது ஒண்டுதான் என்றார். தோல் வளையம் போட்ட சென்ற் போத்தலையே காருக்கென்று நிரப்பி வைத்தேன்.

போன கிழமை ஒருநாள் காலை மாப்பிள்ளை ஜெறோம் வலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஸ்ரெல்லாவுக்கு நோ கண்டது. நீக்கிலாப்பிள்ளை அண்ணை காரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நான் போத்தலை எடுத்து அழுத்துகிறேன், வருகுதில்லை. திரும்ப அழுத்துகிறேன், இல்லை. வளையத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்த நான் உள்ளே போகிற சின்னக் குழாயைப் பார்க்கவில்லை, அது பெற்றோலில் இளகி ஒட்டிக் கிடக்கிறது. மூடியால் ஊற்றிப் பார்த்தோம், கூடிப்போய் பிளக் நனைந்தது, கழற்றித் துடைத்தோம். மிச்சம் இருந்தது ஒரு கொஞ்சப் பெற்றோல், அதுவும் வீணாகினால் வேறு வழி இல்லை. உள்ளே ஸ்ரெல்லா அம்மாவைக் கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் அம்மா மாதா போத்தலோடு நிற்கிறார். தீர்த்தத்தை ஸ்ரெல்லாவுக்குக் குடிக்கக் கொடுத்து, மிச்சத்தை அவள் வயிற்றிலே தடவி, போத்தலைக் கவிழ்த்து உதறிக்கொண்டே வந்திருக்கிறார். மற்றக் கையில் அடுப்பில் காய்ச்சின ஊசி.

“அவவும் ஒரு தாய்தானே. குத்துங்கோ” என்றார்.

குத்தினேன். உள்ளே ஈரம் நின்றால் எஞ்சின் இருமும் என்று பழஞ்சீலையை விட்டுத் துடைத்து, பெற்றோலை ஊற்றி, காபரேற்றருக்குள் காட்டி ஒரு பிதுக்கு. பனி விழுகிறமாதிரி மெல்லிசாய் இறங்கியது மகன், அப்படி ஒரு பீச்சலை நான் எந்தப் போத்தலிலும் கண்டதில்லை. நீக்கிலாப்பிள்ளை அண்ணை முன்னால் கம்பியை விட்டுச் சுற்றினார், எஞ்சின் எழும்பிவிட்டது. வழியில் கைதடியில் கார் ஒருமுறை நின்றது, மாதா திரும்பவும் எழுப்பினார். ஆஸ்பத்திரியில் நேரே உள்ளே கொண்டுபோய் ஒப்பரேசன் செய்தார்கள். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் பிறகு சொன்னார். நான் வெளி வாங்கிலில் பெற்றோல் மணக்கிற போத்தலைக் கையில் பிடித்தபடி இருந்து வாய்விட்டு அழுதேன், போகிறவர்கள் எல்லாம் எனக்கு அவ்வளவு பக்தியா என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. நான் வீட்டுக்கு வந்து போத்தலைக் குசினியில் வைக்க, அம்மா கைப்பழக்கத்தில் அதைப் பீடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். பின்னேரம் மார்கிரட் அக்கா பிள்ளைக்காக நன்றி செபம் சொல்ல வந்தவர், உள்ளே வந்ததும் தீர்த்தம் என்று மாதாவைக் கையில் பிதுக்கி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பீடத்தில் மெழுகுதிரி எரிகிறது. மணம் மூக்கில் அடித்ததும் நான் பாய்ந்து திரியை அணைத்தேன். மார்கிரட் அக்கா இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கிறதில்லை. மாதாவின் முதுகில் பெயின்றால் பெற்றோல் என்று எழுதுவோம் என்றேன், அம்மா விடவில்லை, கழுத்திலே அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார். மாதா இப்போது கொட்டிலில் நிற்கிறார். நீயும் வேலை செய்கிற சாப்பாட்டுக்கடைக் குசினியில் சட்டி கழுவுகிற மருந்தைக் குடிக்கிற போத்தலில் ஊற்றி வைக்காதே, எது வைத்தாலும் பெயர் எழுதி வை. குளிருக்குக் காதை மூடு. படுக்கிற நேரத்துக்குப் படு.

போன கடிதத்தில் தங்கச்சியின் பேற்றுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது, ஒரு போத்தல் தண்ணீர்தான் அனுப்ப முடிந்தது என்று எழுதியிருந்தாய். அதை வாசித்து அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. இனி அப்படி எழுதாதே. நீ அனுப்பினதுதான் காரை எழுப்பியது, உன் தங்கச்சியையும் பிள்ளையையும் நீதான் கொண்டுபோய்ச் சேர்த்தாய். பிள்ளைக்கு லூர்துமேரி என்று பெயர் வைக்கிறோம். வேறு பெயர் வைக்க அம்மா விடமாட்டார்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, மாதா உன் வழியில் நிற்பாராக. ஒரு ஞாபகம், பீடம் வெறுமையாக இருக்கிறது, இன்னொரு மாதா போத்தல் அனுப்பு. அம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒருத்தரிட்டையும் குடுத்து விடவேண்டாம், அவனையே கொண்டுவரச் சொல்லுங்கோ என்றார், எழுதினேன். பிறகு கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இல்லை, அதை வெட்டுங்கோ, தண்ணி வந்தால் காணும், பிள்ளை அங்கை உயிரோடை இருக்கட்டும் என்கிறார். வெட்டிவிட்டேன் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். வெட்டவில்லை.

உன்னை எந்நாளும் நினைத்திருக்கும்
அப்பா
ம. கிறகோரி