சதுரகிரியும் பாத்ரூம் அட்டையும்

புரட்டாசி 2, வியாழன்

வெயில். புரட்டாசி வந்தும் சிவகாசிக்குச் சித்திரைதான். அடுத்த வருட டைரி ஆர்டர் தலைக்கு மேல். என் பைண்டிங் செக்‌ஷனில் பதினெட்டுப் பெண்கள், பதினெட்டு வாய். முத்துலட்சுமி காலையில் மட்டும் மூன்று முறை பாத்ரூம் அட்டை கேட்டாள். அட்டை என் யோசனை. வீணான டைரி அட்டையில் துளை போட்டு, என் மேசைப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். அட்டை வைத்திருப்பவள் மட்டும் போகலாம். அவள் திரும்பினால்தான் அடுத்தவள். மூன்றாவது முறை தரவில்லை. அங்கே போய் அரட்டை, வேறென்ன.

12ஆம் தேதி அமாவாசை. சதுரகிரி மலை ஏற வேண்டும். எடுத்துப்போக: கடலை மிட்டாய், துண்டு, அடர் நிறச் சுடிதார், மாற்று பேன்ட் இரண்டு. தண்ணீர் வேண்டாம்.

புரட்டாசி 3, வெள்ளி

போன அமாவாசையில் நடந்ததை எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். இறங்கும்போது ஒவ்வொரு கால் ஊன்றலுக்கும் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர். ஒரு தும்மல், மொத்தமும் போயிற்று. முந்தின சாயங்காலத்திலிருந்து ஒரு மடக்கு தண்ணீர் குடிக்காமல் போயும் இந்த லட்சணம். வேண்டுமென்றே ஓடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டேன்.

இன்று டாக்டரம்மா. நாற்பத்தாறு வயது, இரண்டு பிள்ளை, அப்படித்தான் இருக்குமாம். மலைக்கு எதற்குப் போகிறேனாம். கர்ப்பப்பையை எடுத்துவிடலாமாம், ஏதோ கத்தரிக்காய் காம்பு மாதிரி. மகராசி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, செல்போனைப் பார்த்தாள்.

மலையை விட முடியாது. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் வீடும் கம்பெனியும் என்னைக் கூப்பிட முடியாத நாள்.

புரட்டாசி 6, திங்கள்

அரை நாள் லீவு. விருதுநகர். பிசியோதெரபி பெண், கழுத்தில் சிலுவை, இருபத்தைந்து இருந்தால் அதிகம். இதற்கு என்ன தெரியும் என்று உட்கார்ந்தேன். தெரிந்திருக்கிறது. இடுப்புக்கு அடியில் தொட்டில் மாதிரி தசை இருக்கிறதாம். பிள்ளைப்பேறு, மலச்சிக்கல், கனம் தூக்குவது எல்லாம் அதைத் தளர்த்தும். மலை இறங்கும்போது ஒவ்வொரு அடியின் பாரமும் அதன்மேல்.

சிறுநீரையும் காற்றையும் அடக்குவது போல இறுக்கி மேலே இழு. ஐந்து எண்ணு. முழுசாக விடு. பத்து முறை, மூன்று வேளை. மூச்சை அடக்காதே.
தும்மலுக்கு முன் இறுக்கு.
சிறுநீர் போகும்போது செய்து பார்க்காதே.
இறக்கத்தில் சின்ன அடி. பையில் கனம் குறை.
தண்ணீர் குடி. குடிக்காவிட்டால் கடுத்துப்போய் இன்னும் முட்டும்.
பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

கடைசியில் கேட்டாள். வேலை செய்யும் இடத்தில் நினைத்த நேரம் பாத்ரூம் போக முடியுமா என்று. எனக்கென்ன, அட்டையே என்னிடம்தான் என்றேன்.

"மத்தவுகளுக்கு?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன். பொடிசுக்கு வாயைப் பார்.

புரட்டாசி 9, வியாழன்

கம்பெனி வேனில் வரும்போதே பயிற்சி. ரயில்வே கேட் மூடியிருந்த நேரத்தில் பத்தும் முடிந்தது. பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடத் தெரியாது.

லோடு ஏற வேண்டும் என்று அட்டையை மதியம்வரை டிராயரில் வைத்துப் பூட்டினேன். முத்துலட்சுமி முறைத்தாள். முறைக்கட்டும்.

புரட்டாசி 12, ஞாயிறு

அமாவாசை. மேகம். பயந்து பயந்து அரை பாட்டில் தண்ணீர் குடித்தேன். ஏற்றத்தில் ஒன்றுமில்லை. இறக்கத்தில் பார்த்தால் முத்துலட்சுமி, கூட பைண்டிங் பெண்கள் இருவர். இங்கேயுமா என்று எரிச்சல். அந்த எரிச்சலில் காலைப் பெரிதாக வைத்தேன், சறுக்கியது, பாறையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் தொடைவரை நனைந்துவிட்டது. வியர்வை என்று சொல்ல வாயெடுத்தேன். முத்துலட்சுமி தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினாள். பழைய சேலை, நாலாக மடித்துத் தைத்தது.

"வச்சுக்கோங்கக்கா. நாங்க அம்புட்டுப் பேரும் வேலைக்கு இத வச்சுட்டுத்தான் வாரோம். நீங்க அட்டை தர மாட்டீகளே."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. மற்ற இருவரும் துண்டை விரித்து மறைப்புப் பிடித்தார்கள்.

த்தூ. டாக்டரம்மாவை என்ன ஏச்சு ஏசினேன். அவள் முகம் பார்க்காமல் செய்தாள். நான் பதினெட்டு முகத்தையும் பார்த்துக்கொண்டே பூட்டியிருக்கிறேன்.

புரட்டாசி 13, திங்கள்

தூறல். பயிற்சி ஒரு வேளைதான். துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

காலையில் முதல் வேலை, அட்டையைக் கட்டிங் மிஷினில் கொடுத்தேன். நாலு துண்டு. சீசன் நேரத்தில் இது என்ன கூத்து என்று மேனேஜர் வந்தார். இடுப்புத் தசையைப் பற்றி ஆரம்பித்தேன். பாதியில் ஓடிவிட்டார், ஆம்பிளைச் சிங்கம்.

இனி யாரும் கேட்க வேண்டாம், போகலாம் என்று எல்லோருக்கும் சொன்னேன். ஒருத்தியும் எழவில்லை. பதினொரு மணிக்கு முத்துலட்சுமி மட்டும் என் மேசைக்கு வந்தாள். வெறும் ஆணியைப் பார்த்தாள்.

"யாரு போயிருக்காக்கா? வரட்டும், நிக்கேன்."

யாரும் போகவில்லை என்றேன். அப்புறமும் நின்றாள்.