கீழ்த்தளத்துக்கு நான் எழுதிய விதி

2024 ஜூலை 3
முதல் மாடிக்காரர் சமுத்திரத்தின் உடலை நேற்று கீழே வைத்திருந்தார்கள். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளம் என்றால் தூண்களும் கார்களும்தான். இரண்டு கார்களுக்கு நடுவே குளிர்பெட்டி. தலைமாட்டில் தண்ணீர் மோட்டார். சோழபுரத்திலிருந்து வந்த சொந்தங்கள் காரில் சாய்ந்து அழுதார்கள். ஒரு மனிதனுக்கு இதுவா மரியாதை?

ஜூலை 7
குடியிருப்போர் சங்கக் கூட்டம். விதிகளை என்னையே எழுதச் சொன்னார்கள். பதினொன்றாவது: ‘கீழ்த்தளத்தில் சடலம் வைக்கக் கூடாது.’ செயலாளர் ஜெயபாண்டி, “அச்சடிச்ச மாதிரி எழுத்தும்மா” என்றார். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார்கள்.

ஆகஸ்ட் 2
இரண்டாம் மாடி வெங்கடேஸ்வரியின் மாமனார் இறந்துவிட்டார். ஒரு மணி நேரமாவது கீழே வைக்கவேண்டும் என்று அழுதாள். விதியைக் காட்டினேன். ஆளுக்கொரு நியாயம் கிடையாது.

ஆகஸ்ட் 19
செலினாவுக்கு இனி மருந்தில்லை என்கிறார் டாக்டர். என் வீட்டுக்காரருடைய தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய் முப்பது வருடம் பாடம் நடத்தினாள். தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

ஆகஸ்ட் 22
“மதினி, என்னைய எங்க வைப்பீக?”
“இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?”
“அண்ணனை நம்ம முன்னறையில வச்சோம். தெருவே உள்ள வந்து பாத்துட்டுப் போச்சு. எனக்கும் அப்படி நாலு பேரு வரணும். இட்லிக்கடை இசக்கியம்மா, முனீஸ்வரி... அவளுக மூணாவது மாடிக்கா வருவாளுக?”
அந்த வீட்டை பில்டரிடம் கொடுத்து இந்த ஃப்ளாட்டை வாங்கியவள் நான். முன்னறை இருந்த இடத்தில் இப்போது மதில், கேட், வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு.

ஆகஸ்ட் 24
படிக்கட்டை அளந்தேன். திருப்பத்தில் மூன்றடி. லிஃப்டில் நான்கு பேர் நிற்கலாம், ஒருவர் படுக்க முடியாது. பெட்டி மேலே வராது.

ஆகஸ்ட் 26
ஜெயபாண்டியிடம் போனேன். யார் வாசலிலும் போய் நின்றவளில்லை நான்.
“ஒரே ஒரு நாள்” என்றேன்.
“நீங்க எழுதினதுதானம்மா. வெங்கடேஸ்வரி அம்புட்டு அழுதாக. அன்னைக்கு விதியக் காட்டினது யாரு?”
நான்தான்.

செப்டம்பர் 9
செலினா போய்விட்டாள். ஆஸ்பத்திரியில், காலை ஆறு மணிக்கு. கண் திறந்தபடி.

செப்டம்பர் 11
நேற்று ஆம்புலன்ஸ் சவக்கிடங்கிலிருந்து நேராக மாதா கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. தெருவில் மதிலோரம் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி டிரைவரைக் கெஞ்சினேன் — ஆமாம், கெஞ்சினேன். பின்கதவைத் திறந்தார்கள். இசக்கியம்மாள் மாவுக் கையோடு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள், பிறகு மதிலைப் பார்த்தாள்.
“ஏன் ஆச்சி, இம்புட்டுப் பெரிய கட்டடம். டீச்சரை எறக்கி வைக்க ஒரு எடம் இல்லையா?”
பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. “அம்மா, கெளம்பணும்” என்றார் டிரைவர். முனீஸ்வரி தெருமுனையிலிருந்து ஓடி வருவது தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டார்கள்.

அக்டோபர் 6
கனடாவிலிருந்து மகன் மெர்வின் பேசினான். அவனிடம் சொல்லிவிட்டேன்: “என்னை இந்தத் தெருப்பக்கமே கொண்டுவராதே. ஆஸ்பத்திரியிலிருந்து கோயில், கோயிலிலிருந்து கல்லறை. அவ்வளவுதான்.”
மறுத்துப் பேசுவான் என்று காத்திருந்தேன்.
“அதுவும் நல்லதுதாம்மா” என்றான். “எல்லாருக்கும் சௌகரியம்.”