பிரிட்ஜின் பின்பக்கம்

11.01.2005, செவ்வாய்

பிரிட்ஜ் ஓடுகிறது, குளிரவில்லை. உள்ளே மகள் பிரஷாந்தியின் இன்சுலின். ஒன்பது வயதுப் பிள்ளை, ஊசி இல்லாமல் முடியாது. கடல் வந்து போனதிலிருந்து ஆஸ்பத்திரியிலும் தட்டுப்பாடு. இருப்பது மூன்று குப்பிதான். பழுதானால் —

எட்டாம் வகுப்பு எஞ்சினியர் நான் இறங்கினேன். பிளக்கைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். குளிர் கூட்டும் திருகியைக் கடைசிவரை திருப்பினேன். கதவு றப்பரில் கலண்டர் தாளை வைத்து இழுத்தேன், இறுக்கம்தான். கடைசியாக ஒரு தட்டு.

"திருத்துறீங்களா, பேயோட்டுறீங்களா?" என்றாள் மனைவி சுலோ.

அவள் தங்கை இராசாத்தி சிரிக்கவில்லை. கல்லடியில் அவளுடைய மகன் டிலக்சனைக் கடல் கொண்டுபோனது. ஏழு வயது. இன்னும் கிடைக்கவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள், கிணற்றடியும் குசினியுமாக.

12.01

காத்தான்குடி போனேன். பிரிட்ஜ் திருத்தும் ஆதம்பாவா காக்காவின் கடையில் ஒரு சுவர்தான் மிச்சம். மண்ணைக் கிளறித் திருத்துகிற ஆயுதங்கள், குறடு, ஆணி எல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த மனுசனிடம் என்னத்தைக் கேட்க? அவரே கேட்டார்.

"என்ன மூர்த்தி, மகள்ட மருந்தா? பின்னால கம்பி வலை கிடக்குத்தானே, சூடு அதாலதான் வெளிய போற. அது அடைபட்டா உள்ளுக்குக் குளிராது. இழுத்துப் பாருங்க. அதுவரைக்கும் குப்பியள ஈரமணல் பானைக்குள்ள வைங்க."

13.01

இழுத்தேன். தூசி, கரப்பான் குடும்பம், எப்போதோ தொலைந்த என் சீப்பு. தலைமுடி போன பிறகு கிடைக்கிறது! "சுலோ, இஞ்ச வாவன்!" என்று சிரித்துக் கத்தினேன்.

பிறகுதான் கண்டேன். கம்பி வலையை மூடித் தடித்த துவாய்த் துண்டு. அதற்குள் ஒரு வெள்ளைச் சேட்டு, நீலக் காற்சட்டை. சின்னன். ஈரம்.

மாரியில் காயாத துணியை எல்லோரும் அங்கேதான் போடுவோம். ஆனால் என் வீட்டில் ஆண்பிள்ளை ஏது?

இராசாத்தி வாசலில் நின்றாள். "எடுக்காதீங்க அத்தான். மண்ணுக்குள்ள கிடந்த. எவ்வளவு கழுவியும் உப்பு போகுதில்ல. பள்ளிக்கூடம் திறந்தா அவன் போடோணும்."

என் கையில் சீப்பு. சிரிச்ச வாயை எங்க கொண்டுபோய் வைக்கிற?

14.01

பொங்கல். பொங்கவில்லை.

நேற்றே பிரிட்ஜைச் சுவரோடு தள்ளிவிட்டேன், சேட்டோடு. குப்பிகள் பானையில்.

"பானை எத்தின நாளைக்கு?" — சுலோ.

எந்தப் பிள்ளையைப் பார்க்கிற? எழுதவே கை கூசுது.

17.01

பிரஷாந்தி ஊசி போடச் சித்தியின் மடியில் போய் இருந்தாளாம். "மருந்து சூடாப் போனா எனக்குக் கூடாதாம் சித்தி" என்றாளாம். சத்தியமாக நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

19.01

காலையில் குசினிக்குள் போனால் பிரிட்ஜ் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி நிற்கிறது. வலையில் ஒன்றுமில்லை. பானை வெறுமை. கதவைத் திறந்தேன். மூன்று குப்பியும் உள்ளே, தொட்டால் குளிர்.

வெளியே மழை. முற்றத்துக் கொடியில் சேட்டும் காற்சட்டையும் நனைந்துகொண்டிருந்தன. எடுக்க ஓடினேன்.

"விடுங்க அத்தான்" என்றாள்.