வெயில் தெரியாத கால்கள்

மாமி,

என் கணுக்காலுக்கு மேலே ஒரு சின்னப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. இன்றைக்குத் துடைத்துப் புதிதாக ஒட்டியதால் ஸ்பிரிட் மணம் இன்னும் போகவில்லை. போன கிழமை வைத்தியர் அந்த இடத்தில் மிளகளவு தோலைச் சோதனைக்கு எடுத்தார், இன்றைக்கு முடிவு சொன்னார். உங்களைப்போலவே எனக்கும் நீரிழிவு, அந்தச் சீனி வருத்தம் வந்து, பாதம் எரியத் தொடங்கிவிட்டது. மகனைத் தந்தது போதாதென்று இதையும் தந்தீர்களா என்று சுவரிலிருக்கும் உங்கள் படத்தைக் கேட்டேன். உயிரோடு இருந்திருந்தால் பதிலுக்கு நாலு கதை சொல்லியிருப்பீர்கள்.

சண்டையில் கிளிநொச்சியை விட்டு ஓடிவந்து முள்ளியவளையில் ஒரு கொட்டிலில் இருந்தோமே, அந்தக் காலம்தான் நினைவுக்கு வருகிறது. ஒருநாள் உங்கள் உள்ளங்காலில் முள் ஏறி நின்றது. நீங்கள் அது தெரியாமலே முற்றம் கூட்டிக்கொண்டிருந்தீர்கள். நான்தான் கண்டு பிடுங்கினேன். அதே காலில் போர்வை பட்டால் துடித்துப்போவீர்கள். அதனால் உங்கள் பாதங்களுக்கு மேலே ஒரு பெரிய பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து, போர்வையை அதன்மேல் விரித்துவிடுவேன்.

உங்கள் மகளுக்கு அது பிடிக்காது. "முள்ளுக் குத்தினது தெரியாதாம், துணி பட்டா நோகுதாம். அம்மா நல்லா நடிக்கிறா" என்பார் மச்சாள். ஆசுப்பத்திரியிலும் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, உணர்ச்சியே இல்லாத காலில் நோ எப்படி வரும் என்று திருப்பி அனுப்பினார்கள். சைக்கிளில் உங்களை ஏற்றிக்கொண்டு வரும்போது பின்னாலிருந்து மெல்லக் கேட்டீர்கள்.

"நீயெண்டாலும் நம்பிறியோ பிள்ளை?"

"ஓம் மாமி, நம்பிறன்."

நோவில் உதட்டைக் கடிக்கும்போது, யாராவது பார்க்கிறார்களா என்று நீங்கள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வந்தது. செருப்பில்லாமல் நடந்து வருவதாக அம்மாளுக்கு நேர்ந்திருக்கிறேன் என்று அடம்பிடித்தீர்கள். உச்சி வெயிலில் கோயில் வெளி மணல் கொதித்தது. சனமெல்லாம் நிழலைத் தேடித் துள்ளித் துள்ளி ஓட, நீங்கள் மட்டும் மெல்ல ஆறுதலாக நடந்து போனீர்கள். "பாருங்கோ, அம்மாள் வந்திட்டா!" என்று யாரோ ஒருத்தி கத்தினாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இது அருள் இல்லைப் பிள்ளை, எனக்குச் சூடு தெரியேல்லை" என்று என் காதுக்குள் சொன்னீர்கள். அதற்குள் ஒரு பெண் குனிந்து, பூவைத் தொடுவதுபோல உங்கள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள்.

நீங்கள் அலறினீர்கள். அவர்கள் குரவையிட்டார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "தள்ளுங்கோ! அவாவுக்கு நோகுது!" என்று கத்தினேன். இரண்டு பேர் என்னையும் கும்பிட்டார்கள். வேப்பமரத்தடியில் உட்காரவைத்துப் பார்த்தால், உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். நான் அழுதேன். நீங்களோ சிரித்தீர்கள். "வீட்டில நடிப்பு, இஞ்ச அருள். உன்னை விட்டா நோவெண்டு சொல்ல ஒருத்தருமில்லை."

அடுத்த மாரியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்றைக்கு வைத்தியர் என் தோலின் படத்தைக் காட்டினார். சூட்டையும் நோவையும் எங்களுக்குச் சொல்லும் மெல்லிய நரம்புகள் தோலுக்குள் நூல்மாதிரி ஓடுமாம். எனக்கு அதில் பாதிக்கு மேல் பட்டுப்போய்விட்டன. அதனால்தான் குத்தினாலும் சுட்டாலும் தெரிவதில்லை. மிஞ்சிய நரம்புகள் தறிகெட்டு, நெருப்பில்லாத இடத்தில் நெருப்பென்று கத்துகின்றனவாம். ஒரே கால் மரத்தும் போகும், எரியவும் செய்யும் என்றார்.

"அப்ப எத்தினை நரம்பு செத்தது எண்டு பார்த்தா, எவ்வளவு நோகுது எண்டு தெரியுமோ ஐயா?"

"இல்லையம்மா. இதே மாதிரிப் படம் இருக்கிற ஒருத்தர் நல்லா நித்திரை கொள்ளுவார், இன்னொருத்தருக்குப் போர்வை பட்டாலும் தாங்காது. நோவை அவையளைத்தான் கேக்கவேணும்."

அங்கேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மாமி. நீங்கள் சொல்லிக்கொண்டுதானே இருந்தீர்கள். வெளியே வந்ததும் மச்சாளுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் "அம்மாட்டச் சொல்லு" என்றார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நோ வந்தால் எல்லாரும் "அம்மா" என்றுதான் கத்துவார்கள். இப்போதெல்லாம் எரிவு சுள்ளென்று ஏறும்போது என் வாயில் வருவது "மாமி". உங்கள் மகன் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு வாசலைப் பார்க்கிறார்.