உன் தூக்கப் பரீட்சையில் ஒரு திருத்தம்

நேற்று மத்தியானம் அம்மா சமையலறையிலிருந்து, “ஏய், அந்த ஷியோ டப்பாவ எட்னு வா” என்று கத்தினாள். கூடத்தில் விருந்தாளிகள் இருந்தார்கள். ஷியோ என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதை வேறு எப்படிச் சொல்வது என்பது அம்மாவுக்கு மறந்தே போய்விட்டது. உப்புக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் அது. எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து ஒட்டியவள் நீ.

டப்பாவை எடுத்தேன். பழைய கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்து, பின்பக்கம் பேனாவால் ஜப்பானிய எழுத்தில் எழுதி, பசை இல்லாமல் சோற்றுப் பருக்கையை நசுக்கி நீ ஒட்டிய சீட்டு இன்னும் பாதி இருக்கிறது. சர்க்கரை டப்பாவின் சீட்டை எறும்பு எப்போதோ தின்றுவிட்டது. அப்பா ரிட்டயர் ஆகி, தாபோடியில் நாம் இருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்து நிக்டியில் இந்த வீட்டுக்கு வந்தபோது, புது டப்பா செட் வாங்கலாம் என்றார். “அதுல எது உப்பு, எது சோடான்னு நான் எப்டிக் கண்டுபுடிக்கறது?” என்று அம்மா சண்டைக்குப் போனாள். மராத்திப் பள்ளியில் நாலாவதோடு நின்றவள். தமிழ் வாசிக்க வராது. தூண்டில் முள் மாதிரி எழுத்து இருந்தால் உப்பு என்று உன் கையெழுத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

இந்த மடலைத் தமிழில் எழுதுவதே ஒரு கூத்துதான். உனக்கும் தமிழ் வாசிக்க வராது. நீ உயிரோடு இருந்திருந்தாலும் இதைப் படித்திருக்க மாட்டாய். என்னையே வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு, இரண்டாவது பத்தியில் எழுந்து வடாபாவ் வாங்கப் போயிருப்பாய். ஜப்பான் எழுத்தெல்லாம் படித்த பிறகு, சொந்த அப்பா பெயரைத் தமிழில் வாசிக்கத் தெரியவில்லையே என்று எனக்கு வந்த எரிச்சலில் கற்றுக்கொண்ட தமிழ் இது. கொஞ்சம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விருந்தாளிகள் யாரென்று சொன்னால் நீ சிரித்துச் சிரித்தே இன்னொரு முறை செத்துப் போவாய். சிகாமணி மாமா. ஆமாம், அவரேதான். பத்தாவது ரிசல்ட் வந்த அன்று, கூப்பிடாமலே பேடா டப்பாவோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை எந்த குரூப் எடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவாரே, அவர். அவருக்கு நீ ரேஷன் கடை என்று பெயர் வைத்திருந்தாய். பையனுக்கு சயின்ஸ். மார்க் குறைந்தால் காமர்ஸ். பெண்ணுக்கு, மாப்பிள்ளை கிடைக்கிறவரை ஏதோ ஒன்று. அவர் பிள்ளைகள் என்ன படித்து என்ன ஆனார்கள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. காலனியில் யாருக்கும் அந்த தைரியம் கிடையாது. நீ ஒருத்திதான் கேட்டாய். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு மட்டும் பேடா வரவில்லை.

அவர் கூட்டி வந்தது அவருடைய தங்கை மகள் நித்யாவை. அம்மாவும் பெண்ணும் மாமா வீட்டில்தான் ஒண்டிக்கொண்டு இருக்கிறார்கள். பத்தாவது முடித்திருக்கிறாள். எந்தப் பிரிவு, எந்தப் பாடங்கள் என்று ஆன்லைனில் போட இன்றுதான் கடைசி நாள்.

“இவளுக்கு சயின்ஸ் போட்டு, செகண்ட் லாங்வேஜ் ஜாப்பனீஸ் போட்டுடலாம்னு இருக்கேன்” என்றார் மாமா. “ஜாப்பனீஸ் எடுத்தா லைஃப் செட்டும்மா. ஒன்ன வச்சுத்தான் சொல்றேன்.”

அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஜப்பானியம் எடுக்கப் போகிறேன் என்றதும், “ஜப்பான்காரன் ஒனக்கு சோறு போடுவானா?” என்று கேட்டவர் இதே மனிதர். இப்போது ஜப்பான்காரன்தான் போடுகிறான். சாக்கன் பக்கம் வண்டி உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை. அங்கே உள்ளூர்க்காரர் ஜப்பானியரைத் திட்டுவதையும், ஜப்பானியர் உள்ளூர்க்காரரைத் திட்டுவதையும் மரியாதையான வாக்கியங்களாக மாற்றிக் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார்கள். இந்த வேலை கிடைத்த பிறகு மாமாவின் ரேஷன் கடையில் புதுச் சரக்காக ஜப்பானியமும் வந்துவிட்டது. முன்பு சமஸ்கிருதம் மார்க் போடும் என்று எல்லாரையும் அதற்குள் தள்ளினார். இப்போது இது. ஒரு மொழியை மொழியாக மட்டும் இவர்கள் பார்த்து நான் கண்டதே இல்லை.

“நீ என்ன சொல்றே நித்யா?” என்று கேட்டேன்.

“மாமா சொன்னா சரிதான்க்கா.”

அவள் குரலில் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவளின் குரல். அப்போதுதான் உன் பரீட்சை ஞாபகம் வந்தது.

நம் காலனியில் அதற்குத் தூக்கப் பரீட்சை என்றே பெயர். ஞாயிற்றுக்கிழமை, வயிறு முட்டச் சாப்பாடு. முடிந்தால் பிரியாணி. ஃபேனுக்கு அடியில் பாய். ஆளைப் படுக்க வைத்து, ஒவ்வொரு பாடப் புத்தகமாகக் கையில் கொடுப்பாய். பக்கத்தில் உட்கார்ந்து, பூண்டு உரித்துக்கொண்டே கண்காணிப்பாய். எந்தப் புத்தகத்தில் கண் சொக்குகிறதோ அது தள்ளுபடி. “நாக்கு பொய் சொல்லும், கண்ணு சொல்லாதுடி” என்பது உன் வாதம். உனக்கு அப்போது பதினேழு வயது. பன்னிரண்டாவது சயின்ஸில் நீயே தள்ளாடிக்கொண்டிருந்தாய். ஆனாலும் காலனிப் பிள்ளைகள் உன் வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள். மாமாவிடம் கிடைத்தது தீர்ப்பு மட்டும். உன்னிடம் தூக்கமாவது கிடைத்தது.

என்னைப் படுக்க வைத்த நாள் எனக்குப் பாதிதான் ஞாபகம், மீதியில் தூங்கிக்கொண்டிருந்தேன். இயற்பியல் என் முகத்தின்மேலேயே விழுந்தது. வேதியியலுக்கு வாய் பிளந்தேன். புக்-கீப்பிங்குக்குக் குறட்டை விட்டதாக நீ கடைசிவரை சாதித்தாய். பிறகு, பதினொன்றாவதுக்குப் போகிற ஜூனியர் காலேஜில் இரண்டாம் மொழியாக வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு யாரிடமோ நீ இரவல் வாங்கி வந்திருந்த ஜப்பானிய எழுத்துப் புத்தகத்தைக் கொடுத்தாய். டீ நேரம் வரை நான் கண் மூடவில்லை. ஒவ்வொரு எழுத்தும் என்னைப் பார்த்து ஏதோ கிண்டல் செய்கிற மாதிரி இருந்தது. திருப்பிக் கிண்டல் செய்யாமல் விடக்கூடாது என்று எனக்கு வெறி வந்தது.

நேரே என் அப்பாவிடம் போய் நின்றாய். அவர் என்னை இன்ஜினியர் ஆக்குவதற்கு எனக்கு மூன்று வயதிலிருந்து காத்திருந்தார்.

“அங்கிள், இவ ஆர்ட்ஸ் எடுக்கட்டும். கூட ஜாப்பனீஸ்.”

“ஆர்ட்ஸா? ஃபேக்டரில நாலு பேர் கேட்டா நான் இன்னா சொல்றது?”

“பிசிக்ஸ் பெயில்னு சொல்றதுக்கு இது பரவால்ல அங்கிள். இவ பிசிக்ஸ்ல பாஸ் ஆவறதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க.”

அப்பாவுக்குக் கோபம் வந்து, பிறகு சிரிப்பு வந்து, சிரித்ததற்காக மறுபடி கோபம் வந்தது. ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அதற்குப் பிறகு என் பாடம் உன் பாடமானது. சாயங்காலம் எங்கள் சமையலறைக்கு வருவாய். கையில் எப்போதும் உன் வீட்டு வேலை ஏதாவது இருக்கும்: கீரை, பூண்டு, தம்பியின் கிழிந்த சட்டை. நான் எழுத்துகளை ஒப்பிப்பேன், நீ திருத்துவாய். வகுப்பில் ஒரு நாளும் உட்காராத நீ என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டாய். எனக்கு மறந்துபோகக் கூடாது என்று டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டினாய். மண்ணெண்ணெய் கேனுக்கு, சோப்புப் பெட்டிக்கு, ஒரு நாள் தூங்கிக்கொண்டிருந்த என் அப்பாவின் முதுகுக்கு. அவர் அதோடேயே ஃபேக்டரிக்குப் போய்விட்டார். அது ஏதோ சாமி மந்திரம் என்று நினைத்து யாரும் கேட்கவில்லையாம்.

ஒரு நாள் கேட்டேன், உன் பரீட்சையை நீ ஏன் எழுதவில்லை என்று. பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “துண்ணுட்டுப் படுக்கறவங்களுக்குத்தான்டி அந்த டெஸ்டு” என்றாய். “நான் படுத்தா பாத்திரத்த யாரு கழுவறது?”

அதையும் ஜோக் மாதிரிதான் சொன்னாய். நானும் சிரித்தேன். அது ஜோக் இல்லை என்று தெரிய எனக்கு ஒரு மழைக்காலம் வேண்டியிருந்தது. பன்னிரண்டாவதில் நீ கோட்டைவிட்ட இயற்பியலின் மறுதேர்வுக்கு முந்தைய வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார்கள். உன் வீட்டிலும் சொன்னார்கள், காலனியும் சொன்னது. காய்ச்சலோடு நீ சோறு வடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். டெங்கு என்று டாக்டர் சொன்னபோது நேரமாகிவிட்டது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பழைய டயர்களில் தேங்கிய தண்ணீரைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியும் வராத கொசுப் புகை வண்டி, உன்னை எடுத்த மறுநாள் வந்தது. எல்லாரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். உன்னை ஒரு மத்தியானம் படுக்க வைக்க நம் ஊரில் ஒரு கொசு தேவைப்பட்டது.

சரி. அழ வைக்க எழுத உட்காரவில்லை. நேற்றுக்கு வருகிறேன்.

சாப்பாடு முடிந்தது. அம்மா சாம்பார், உருளைக்கிழங்கு பாஜி, அப்பளம் எல்லாம் போட்டு மாமாவையே மூச்சுத் திணற வைத்திருந்தாள். நான் பரணிலிருந்து என் பழைய புத்தகங்களை இறக்கினேன். சயின்ஸ் புத்தகம் பக்கத்து வீட்டில் இரவல். பாயை விரித்து, “நித்யா, படு” என்றேன்.

“எதுக்கும்மா படுக்கணும்?” என்றார் மாமா.

“டெஸ்ட்டு மாமா. ஜப்பான் முறை.”

ஜப்பான் என்றதும் மரியாதையாகத் தலையாட்டினார். ஆனால் நித்யா படுக்கவில்லை. யாரும் சொல்லாமலே எல்லார் தட்டுகளையும் அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாமாவின் தட்டு எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அவள் நடையைப் பார்த்தேன். அது உன் நடை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

தட்டுகளை அவள் கையிலிருந்து வாங்கி மாமாவின் கையில் கொடுத்தேன்.

“இன்னாம்மா இது?”

“பாத்திரம்.”

“அது தெரியுது. என்கிட்ட இன்னாத்துக்குக் குடுக்கறே?”

“அவளுக்குப் பரீட்சை நடக்குது. சும்மா இருக்கறது நீங்கதான்.”

அவர் என் அப்பாவைப் பார்த்தார். அப்பா அவசரமாகப் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் முதுகில் உன் சீட்டு ஏறியதிலிருந்தே இந்த மாதிரி விஷயங்களில் தலையிடுவதில்லை. மாமா சமையலறைக்குள் போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு, “சோப்பு எங்கம்மா?”

“செக்கென் அங்கதான் இருக்குது, ஜன்னலாண்ட” என்றாள் அம்மா. “பேரு எழுதி ஒட்டியிருக்குது பாருங்க, படிச்சவருதானே நீங்க.”

அதற்குள் இங்கே நித்யா தூங்கிவிட்டாள். ஒரு புத்தகத்தைக்கூட நான் அவள் கையில் கொடுக்கவில்லை. தலை பாயில் பட்டதுதான். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை பாய்க்கு வெளியே போய், கிணற்றில் கல் விழுந்த மாதிரி தூங்கினாள்.

ஈரக் கையோடு வெளியே வந்த மாமா, “பார்த்தியா, பெயிலு!” என்றார். அவருக்கு ஏக சந்தோஷம்.

அப்போதுதான் உன் பரீட்சையில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. வருஷக் கணக்கில் தூக்கம் பாக்கி இருக்கிற பெண்ணுக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் கண் சொக்கத்தான் செய்யும். அதைப் பார்த்து அவளுக்குப் படிப்பு ஏறாது என்று எழுதி முடித்துவிடுவார்கள். உனக்கு இயற்பியல் உண்மையிலேயே வராதா, இல்லை தூக்கம்தான் வந்ததா? அதை யாரும் சோதிக்கவே இல்லை.

“டெஸ்ட் இன்னும் ஆரம்பிக்கல மாமா. மொதல்ல அவ தூங்கட்டும்.”

டீ நேரம் தாண்டித்தான் எழுந்தாள். பதறிப்போய், “பாத்திரம்?” என்றாள். முடிந்துவிட்டது என்றேன். நம்பாமல் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அப்புறம் புத்தகங்களைக் கொடுத்தேன். இயற்பியலுக்குக் கொட்டாவி. வேதியியலுக்கும் கொட்டாவி. ஜப்பானிய எழுத்துப் புத்தகத்தை நான்தான் ஆசையாக நீட்டினேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்: நம் சமையலறையில் நடந்த பாடம் இன்னொரு பெண்ணிடம் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு ஆசை. மரியாதைக்காக நாலு பக்கம் புரட்டினாள். பிறகு கையால் வாயை மறைத்துக்கொண்டு, மிகவும் பணிவாக ஒரு கொட்டாவி விட்டாள்.

புவியியல் புத்தகத்தில் நின்றாள். குப்புறப் படுத்து, மழை வரைபடத்தின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, லோனாவ்லால அவ்ளோ மழ கொட்டுதே, நம்ம பக்கம் வர்றதுக்குள்ள அதெல்லாம் எங்கக்கா பூடுது?”

“அடுத்த பக்கத்துல இருக்கு, படி.”

படித்தாள். அதற்கடுத்த பக்கமும் படித்தாள். விளக்கைப் போடச் சொன்னாள்.

“ஜாக்ரஃபின்னா ஆர்ட்ஸாச்சே!” என்றார் மாமா. குரலில், யாரோ செத்துப்போன துக்கம். “ஆர்ட்ஸ் படிச்சவள எவன் கட்டிப்பான்?”

நான் வாயைத் திறப்பதற்குள் நித்யா, “மழ எங்க போவுதுன்னு தெரிஞ்சவன் கட்டிப்பான் மாமா” என்றாள். தலையைத் தூக்காமலே. எனக்கு ஒரு நொடி நீதான் பேசினாய் என்று தோன்றியது.

ஜப்பானியமும் வேண்டாம், மராத்தியே போதும் என்றாள். வலித்தது. வலிக்கட்டும். என் ஆசையை அவள் தலையில் ஏற்றினால் நானும் பேடா டப்பா தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

இன்று சாயங்காலம் நித்யாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. “அக்கா, ஆர்ட்ஸ்னே போட்டுட்டேன். அம்மாதான் பக்கத்துல குந்தினு போடச் சொன்னாங்க. அப்புறம் இன்னிக்கும் மத்தியானம் தூங்கினேன்.”

பாத்திரம் யார் கழுவியது என்று கேட்டேன்.

“அப்டியே கெடக்குதுக்கா. மாமா அத பாத்துனே நிக்கிறாரு.”

அவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்று தெரியவில்லை. நாளைக்கே அவளை எழுப்பிவிடவும் செய்யலாம். எதுவும் ஒரு மத்தியானத்தில் மாறாது, அது எனக்குத் தெரியும். ஆனால் உன் பரீட்சையை இனி நான் நடத்தப் போகிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு. பாய் முதலில், புத்தகம் பிறகு. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.